இரண்டாவது கட்டத்தில் 'ஒண்ணுமில்ல'

தாளில் நான்கு கட்டம். முதல் கட்டத்தில் நேரம். இரண்டாவதில், அதற்கு முன்னால் என்ன நடந்தது. மூன்றாவதில், குழலி என்ன செய்தாள். நான்காவதில், பிறகு யார் என்ன செய்தார்கள். மூன்று நாளில் முப்பத்தோரு வரி எழுதியிருந்தாள் கலைவாணி. இரண்டாவது கட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே வார்த்தை: ஒண்ணுமில்ல.

வள்ளி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். அங்கேயும் அதேதான். ஒன்பது பத்துக்கு ஒண்ணுமில்ல. ஒன்பதே முக்காலுக்கு ஒண்ணுமில்ல. பதினொன்றரைக்கு மணிக்கட்டைக் கடித்து ரத்தம் வந்திருக்கிறது, அதற்கும் ஒண்ணுமில்ல.

"இன்னா கலை இது? எழுதச் சொன்னா ஒரே வார்த்தைய வெச்சி ரொப்பி வெச்சிருக்கிற?"

"நடந்ததத்தான் எழுதினேன் அண்ணி."

"ஒண்ணுமே நடக்காம ஒரு புள்ள போயி செவுத்துல தலைய மோதிக்குமா?"

"மோதிக்குதே. நான் இன்னா பண்ணட்டும், பொய் எழுதட்டுமா?"

கலைவாணி முறத்தை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போய்விட்டாள். அவள் நடையில் பயமில்லை. பயம் இருந்திருந்தால்கூட வள்ளிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

குழலி கூடத்தில் தறிக்காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வள்ளியின் மகள், பதினோரு வயது. ஏலவார்குழலி என்று அம்மன் பெயரைத்தான் வைத்தார்கள். அந்தப் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எந்தப் பெயரையும் சொன்னதில்லை. பேச்சு வராது. ஆனால் பேச்சு வராத இத்தனை வருஷத்தில் அவள் தன்னை அடித்துக்கொண்டதும் இல்லை. இந்த மூன்று மாதமாகத்தான் இது. நெற்றியில் இரண்டு தடவை தையல் போட்டாயிற்று. இப்படியே மோதிக்கொண்டிருந்தால் கண் பார்வை போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று சாயங்காலமே வள்ளியின் புருஷன் முத்துக்குமார், இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தங்கவைக்கும் ஒரு ஹோமின் சேர்க்கைப் பாரம் வாங்கி வந்துவிட்டான். வாலாஜா பக்கம். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் அவனோடு ஷிப்ட் பார்க்கிற யாரோ சொன்ன இடம். அடுத்த மாசம் இருபதாம் தேதிக்குள் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். வள்ளி ஒருதரம் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி மொட்டை. ஒரு பெண்ணைக் கட்டில் காலோடு துப்பட்டாவால் கட்டியிருந்தார்கள். கீழே விழாமல் இருக்கத்தான் என்றார்கள். அந்தப் பெண் கட்டிலில் இல்லை, தரையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"பதினஞ்சு நாள் குடு. ஊர்ல அந்த ஸ்பெஷல் சென்டர்ல ஒரு பொண்ணு வீட்டுக்கே வந்து பாக்குதாம்" என்று புருஷனிடம் கெஞ்சி வாங்கிய தவணைதான் இந்த நான்கு கட்டம் போட்ட தாள். அதில்தான் கலைவாணி ஒண்ணுமில்ல என்று எழுதி வைத்திருக்கிறாள்.

வள்ளிக்கு நாத்தனார் மேல் சந்தேகம் வரக் காரணம் இல்லாமல் இல்லை. வைகாசியில் வள்ளிக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். ஆறு மாசத்துக்குத் தறிக்குழியில் இறங்கக் கூடாது, மிதியை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வீட்டில் சும்மா கிடக்க முடியுமா? ஏனாத்தூரில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் உட்கார்ந்த இடத்தில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது. காலை ஏழு மணி பஸ், திரும்ப நாலு மணி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆரணியில் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த கலைவாணி வீட்டோடு தங்கினாள். அவள் வந்த வாரமே பிள்ளை கையைக் கடிக்க ஆரம்பித்தது.

இதற்கு என்ன அர்த்தம்? படிக்காதவள்கூடச் சொல்லிவிடுவாள்.

இன்னொன்றும் இருந்தது. வந்த நாலாம் நாள் கலைவாணி தறியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "அண்ணி, பாவுல பாதிப் புடவை நிக்குதே. நான் முடிச்சிரட்டுமா? சும்மாத்தான ஒக்காந்திருக்கறேன்."

மூன்று புடவைக்கான நீள இழைகள் பூட்டிய பாவு அது. இரண்டு முடிந்து, மூன்றாவதில் பாதி நெய்திருந்தபோதுதான் வள்ளியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"ஒரு புடவைக்கு ஒரு கைதான்" என்றாள் வள்ளி. "நடுவுல கை மாறினா கோடு வுழும். உனக்குத் தெரியாதா?"

தெரியும். பிள்ளையார்பாளையத்தில் தெரியாதவர் யார்? இழையை நெருக்கிப் பலகையால் அடிக்கிற அடியில் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பலம். பாதியில் ஆள் மாறினால் பட்டில் அந்த இடம் தனியாகத் தெரியும்; முதலாளி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார். வள்ளியின் முதலாளி நல்ல மனுஷன், கார்த்திகை வரைக்கும் பொறுத்துக்கொள்கிறேன் என்றிருந்தார். வள்ளி பாவைத் தளர்த்தி, பழைய வேட்டியால் தறியைப் போர்த்தி மூடினாள். யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

தறி வேண்டும், அண்ணன் வீடு வேண்டும். அதற்கு இந்தப் பிள்ளை இடைஞ்சல். பிள்ளை ஹோமுக்குப் போய்விட்டால்? கணக்கு சுலபமாகத்தான் இருந்தது. மெஸ்ஸில் பீன்ஸ் நறுக்கும்போதெல்லாம் வள்ளி அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள்.

*

சென்டரிலிருந்து வந்து அந்தத் தாளைக் கொடுத்த பெண்ணின் பெயர் ஷாரோன். இருபத்தேழு வயது இருக்கும். முதல் தடவை ஸ்கூட்டரில் வந்தாள், செருப்பை வாசலில் ஜோடியாக விட்டாள், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க ஆரம்பித்தாள். போலீஸ் ஸ்டேஷனில் செய்கிற மாதிரி. கலைவாணியோடு கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பிள்ளை மண்டையை உடைத்துக்கொள்வதில் சிரிக்க என்ன இருக்கிறது?

வள்ளியின் முறை வந்தபோது ஷாரோன் கேட்ட முதல் கேள்வியே கோணலாக இருந்தது.

"அக்கா, குழலி எப்போ இதைச் செய்யவே மாட்டா?"

"செய்யறதக் கேளும்மா. செய்யாததக் கேட்டு இன்னா பண்ணப்போற?"

"ரெண்டும் வேணும்க்கா."

வள்ளி யோசித்தாள். "போன மாசம் தாமல்ல சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போனோம். போக வர பஸ்ல கம்முனு இருந்தா. ஜன்னல் கம்பியில கன்னத்த ஒட்டிக்கினு. எறங்குன ஒடனே ஆரம்பிச்சிட்டா."

ஷாரோன் அதை எழுதி அடியில் கோடு போட்டாள். சொன்னதில் கோடு போடுகிற அளவுக்கு என்ன தப்பு என்று வள்ளிக்குப் புரியவில்லை. அன்று முழுக்க அந்தக் கோடு அவளை உறுத்தியது.

'ஒண்ணுமில்ல' தாளைப் பார்த்த மறுநாள், வியாழக்கிழமை காலை, வள்ளி தன் பழைய போனை எடுத்து ரெக்கார்டிங் போட்டாள். கூடத்து அலமாரியில் அரிசி டின்னுக்குப் பின்னால் செருகினாள். சாயங்காலம் வந்து யாருக்கும் தெரியாமல் எடுத்து, ரெக்கார்டிங்கைத் தன் புதுப் போனுக்கு மாற்றிக்கொண்டாள். வெள்ளிக்கிழமையும் அப்படியே.

மெஸ்ஸுக்குப் போகும் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். அவள் தேடியது கலைவாணியின் குரலை. ஒரு திட்டு, ஒரு அடிச் சத்தம், 'சனியனே' என்று ஒரு வார்த்தை போதும். புருஷன் முன்னால் போட்டுக் காட்டிவிடலாம். பேச்சு இல்லாத இடத்தையெல்லாம் விரலால் தள்ளித் தள்ளி ஓடவிட்டாள். கிடைத்ததெல்லாம் இதுதான்: "குழலி, வாயத் தொற. ஆ காட்டு. என் ராசாத்தி." பிறகு பாத்திரம் துலக்கும் சத்தம். பிறகு ரொம்ப நேரம் எதுவுமில்லை. பிறகு மோதும் சத்தம், ஓடி வரும் காலடி, "வேணாம்மா, வேணாம்மா" என்று கலைவாணியின் அழுகை.

அழுகை சரியான இடத்தில் சரியான அளவில் இருந்தது. வள்ளிக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

*

சனிக்கிழமை ஷாரோன் ஒரு பை நிறையச் சாமானோடு வந்தாள். பஞ்சு வைத்த தலைப்பட்டை, இரண்டு மெத்தை, மணி கோக்கும் டப்பா, ஒரு பொம்மை. முத்துக்குமாருக்கு வார விடுப்பு. அவனும் கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"தாள்ல பாத்தா எதுவும் பிடிபடல. அதனால நாமளே நாலு விதமா சூழ்நிலை வச்சுப் பாக்கலாம். ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம். எதுல அதிகமா வருதுன்னு எண்ணுவேன்."

"எது வருதுன்னு? அடிச்சிக்கறதா?" வள்ளி எழுந்துவிட்டாள். "எம் பொண்ணு மண்டைய ஒடைச்சிக்கட்டும்னு வேணும்னே வுட்டுப் பாக்கப் போறியா? இத்த நாங்களே மூணு மாசமா பாத்துக்கினுதான் இருக்கறோம். அதுக்கு ஒரு ஆளு வரணுமா?"

"அடிச்சிக்க விட மாட்டேன்க்கா. அதுக்கு முன்னாடி முன்னும் பின்னும் ஆட ஆரம்பிக்கிறா இல்ல, அதை மட்டும்தான் எண்ணுவேன். ஆடினதும் நிறுத்திடுவேன். பட்டை இருக்கு, செவுத்துல மெத்தை இருக்கு. நீங்க பக்கத்துலயே இருங்க. நிறுத்துன்னு சொன்னா நிறுத்திடுறேன்."

"பாக்கட்டும் வுடு வள்ளி" என்றான் முத்துக்குமார். "இருபதாம் தேதிக்கு அப்புறம் பாக்கறதுக்குப் புள்ள இங்க இருக்காது."

முதல் ஐந்து நிமிஷம் ஷாரோன் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்ப்பதுபோல் இருந்தாள். குழலி ஆடினால் உடனே திரும்பிக் கொஞ்சுவாள். நம் கவனத்துக்காகச் செய்கிறாளா என்று பார்க்கவாம். அடுத்தது மணி கோக்கச் சொல்வது. ஆடினால் டப்பாவை எடுத்துவிடுவது. வேலையிலிருந்து தப்பிக்கவா என்று பார்க்கவாம். மூன்றாவது, பொம்மையும் விளையாட்டும், எந்தத் தொந்தரவும் இல்லாமல். கடைசியில் அவளைத் தனியாக விட்டுவிட்டு எல்லோரும் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து சந்து வழியாகப் பார்த்தார்கள்.

முதல் மூன்றிலும் ஒன்று, ஒன்று, பூஜ்யம். தனியாக விட்டதில் ஏழு.

"இன்னொண்ணு பாரு" என்றாள் வள்ளி. எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "கலைய மட்டும் உள்ள வுட்டுப் பாரு."

கலைவாணியின் முகம் சுருங்கியது. உள்ளே போய்க் குழலிக்கு எதிரில் உட்கார்ந்தாள். வள்ளி சந்தில் கண்ணை வைத்தபடி, பிள்ளை ஒடுங்கும், மூஞ்சியைத் திருப்பும், நடுங்கும் என்று காத்திருந்தாள். குழலி ஒரு காலை நீட்டி அத்தையின் மடியில் போட்டாள். அவ்வளவுதான்.

"யாருக்காகவும் செய்யல. எதுலேருந்தும் தப்பிக்கவும் செய்யல" என்றாள் ஷாரோன். "மோதிக்கிறதுலயே அவளுக்கு ஏதோ கிடைக்குது. அது என்னன்னுதான் தெரியல. அது தெரிஞ்சா வலிக்காத விதமா அதையே குடுக்கலாம்."

"மண்டைய மோதிக்கினா வலிதான கெடைக்கும்?" என்றான் முத்துக்குமார். அவன் பாரத்தை மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகிக்கொண்டிருந்தான்.

தப்பு யார்மேலும் இல்லையாம். வள்ளியால் அதை ஏற்க முடியவில்லை. அன்று கதவுக்குள் கேட்ட சிரிப்பு ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் ஒன்று.

*

திங்கட்கிழமை மெஸ்ஸில் முட்டைக்கோஸ். ஒரு மலை. பக்கத்தில் கூட வேலை செய்யும் ஏஞ்சல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வள்ளி காதில் மாட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை ரெக்கார்டிங்கை மறுபடி போட்டாள். இந்தத் தடவை தள்ளி ஓட்ட முடியவில்லை; இரண்டு கையும் வேலையில் இருந்தன. அதனால் எதுவும் இல்லாத இடத்தையும் முழுசாகக் கேட்டாள். மின்விசிறியின் கிறீச், தெருவில் ஒரு வண்டி. பிறகு அது ஆரம்பித்தது.

தட், தட். டொக். தட், தட். டொக்.

கேட்டுக்கொண்டே அரிந்தாள். கத்தி பலகையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, கோஸ் வெட்டறியா தறி ஓட்டறியா?" என்றாள் ஏஞ்சல். "ரெண்டு போட்டு ஒண்ணு, ரெண்டு போட்டு ஒண்ணு. பலகையே ஒடைஞ்சிடும்போல."

வள்ளியின் கத்தி நின்றது.

இரண்டு அடி, ஒரு தட்டு. குறுக்கிழை கொண்ட நாடா ஓடினதும் தறிப் பலகையால் பலமாக இரண்டு அடி. மிதி மாறும்போது லேசாக ஒரு தட்டு. அந்தக் கடைசித் தட்டு யாரும் போடுவதில்லை. வள்ளிக்கு மட்டும் உள்ள பழக்கம், கை பழகும்போதே ஒட்டிக்கொண்ட கோணல். தெருவில் போகிறவர்கள் வீட்டைப் பார்க்காமலே வள்ளி நெய்கிறாள் என்று சொல்லிவிடுவார்கள். பதினோரு வருஷம், காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை, தறிக்காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த பிள்ளையின் எலும்புக்குள் இறங்கிய அடி அது.

அதைத்தான் பிள்ளை நெற்றியால் அடித்துக்கொண்டிருக்கிறது.

கோஸ் அப்படியே கிடந்தது. "கைய வெட்டிக்கினியாக்கா?" என்று ஏஞ்சல் கேட்டாள். வள்ளி இல்லை என்று தலையாட்டினாள்.

*

வீட்டுக்கு வந்ததும் நேராக அலமாரிக்குப் போனாள். அன்று காலையும் போனை வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். அரிசி டின்னுக்குப் பின்னால் அது இல்லை.

"சார்ஜ் போட்டு வெச்சிருக்கறேன் அண்ணி" என்றாள் கலைவாணி, அடுப்படியிலிருந்து. "தெனமும் ரெண்டு மணிக்கே செத்துப்போவுது. வெள்ளிக்கெழமையும் நான்தான் போட்டு, இருந்த எடத்துலயே வெச்சேன். பழைய பேட்டரி."

வள்ளிக்குக் காது சுட்டது. ஆனாலும் விடவில்லை. "அப்ப தெரிஞ்சுதான் ராசாத்தி, கண்ணுன்னு கொஞ்சினியா?"

கலைவாணி கரண்டியோடு வெளியே வந்தாள். "நான் நடிச்சேன்னே வெச்சிக்கோ. கொழந்த நடிச்சுதா?"

வள்ளி பையைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள், "அந்தத் தாள்ல ஒண்ணுமில்லன்னு எழுதினியே. அப்ப வீட்டுல இன்னா சத்தம் இருந்துது?"

"இன்னா சத்தம்? ஒரு சத்தமும் இல்ல. தறி ஓடாத வீட்டுல இன்னா இருக்கும்? ஒண்ணும் இல்லாததால ஒண்ணுமில்லன்னு எழுதினேன்."

தறி நின்றிருப்பது நெசவுக்காரிக்கு ஒரு செய்தியா? அதைப் போய் யார் எழுதுவார்கள்? வள்ளியே எழுதியிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பாள். அது உறைத்ததும் அவள் ஷாரோனுக்குப் போன் போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஷாரோன் வந்து எல்லாவற்றையும் கேட்டாள். பஸ் என்று அடியில் கோடு போட்ட பக்கத்தைத் திறந்து காட்டினாள். ஜன்னல் கம்பியின் அதிர்வுதான் அன்று பிள்ளையை அடக்கியது என்று முதலிலேயே சந்தேகப்பட்டாளாம். தறி பற்றித்தான் அவளுக்குத் தெரியாது. போர்த்தி மூடியிருந்ததை ஏதோ கட்டில் சாமான் என்று நினைத்திருக்கிறாள்.

"ஆனா ஒண்ணு பாக்கணும்க்கா. தறி நின்னதும் நீங்க வேலைக்குப் போனதும் கலைவாணி அக்கா வந்ததும் எல்லாம் ஒரே வாரம். இதுல எதுன்னு பிரிச்சுப் பாக்கணும்."

"பிரிக்க இன்னா இருக்குது? தறின்னாலும் நான்தான், அம்மான்னாலும் நான்தான்."

சொல்லும்போதே அவள் ஆசைப்பட்டது அவளுக்குத் தெரிந்தது. பிள்ளை தேடுவது தன்னைத்தான். வேலையை விட்டுவிடலாம். பகலெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம். தீர்ந்தது.

தறி நின்றிருக்க, வள்ளி குழலியின் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். தலையை மடியில் இழுத்துச் சாய்த்தாள். குழலி மடியிலிருந்து நழுவித் தறிக்காலுக்கே போனாள். ஆட ஆரம்பித்தாள். ஐந்து நிமிஷத்தில் ஆறு தடவை. ஒவ்வொரு தடவை ஷாரோனின் பேனா தாளில் கோடு கிழித்ததும் வள்ளிக்குக் கேட்டது.

அடுத்து, வள்ளி முன்பு நெய்தபோது எடுத்த வீடியோவின் சத்தத்தை ஷாரோன் போனில் போட்டாள். குழலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து தடவை. சத்தத்தில் ஒன்றும் இல்லை. வள்ளி ஒரு கட்டையை எடுத்துத் தறிக்காலில் தட்டினாள், இரண்டு போட்டு ஒன்று. குழலியின் ஆட்டம் பாதியில் நின்றது.

"அட" என்றான் முத்துக்குமார். "இவ்ளோதானா? கட்டையால தட்டினா போதுமே."

"பகலெல்லாம் யாரு தட்டறது? கம்பெனிக்கு லீவு போட்டுட்டு நீ தட்டறியா?" வள்ளியின் கை அதற்குள் கடுத்துவிட்டது. அவள் நிறுத்தியதும் பிள்ளை மறுபடி ஆடியது.

தறி ஓட வேண்டும். வள்ளி குழியில் இறங்க இன்னும் மூன்று மாசம். இருபதாம் தேதிக்கு எட்டு நாள். கலைவாணி கதவோரம் நின்றிருந்தாள். கேட்கவும் இல்லை, தறிப் பக்கம் பார்க்கவும் இல்லை. கேட்டிருந்தால் இன்னொரு தடவை முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

வள்ளி போய் வேட்டியை உருவி எடுத்தாள். தூசி கிளம்பியது. பாவை இறுக்கினாள். முடிக்காத பட்டில், அவள் கை கடைசியாக நின்ற இடத்தில், விரலை வைத்துப் பார்த்தாள்.

"எறங்கு" என்றாள்.

"கோடு வுழுமே அண்ணி."

"வுழட்டும். எறங்கு."

கலைவாணி குழியில் கால் விட்டு உட்கார்ந்தாள். நாடா ஓடியது. பலகை ஒரே அடி, கனமான அடி, ஆரணி அடி. குழலி ஆடவில்லை. ஆனால் முதுகை நிமிர்த்திக்கொண்டாள், உள்ளங்கையைத் தறிக்காலில் வைத்தாள், யாரோ தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் உதட்டைக் கடிக்க ஆரம்பித்தாள். ஷாரோன் பேனாவைத் தூக்கினாள்.

"ஒரு அடி பத்தாது" என்றாள் வள்ளி. "ரெண்டு போடு. மிதி மாறச்சொல்ல ஒரு தட்டு. பலமா இல்ல, லேசா. கைய பலகை மேல வுட்டுட்டு எடு."

"இப்பிடியா?"

"இன்னும் லேசா. நீ புருஷன அடிக்கிறாப்ல அடிக்கிற."

கலைவாணிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த அடி சரியாக விழுந்தது. தட், தட். டொக்.

குழலியின் முதுகு மெதுவாகத் தறிக்காலில் சாய்ந்தது. ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் ஆனது. ஷாரோனின் தாளில் அந்த வரிசை காலியாகவே இருந்தது. பேர் கட்டத்தில் அவள் எழுதியிருந்ததை வள்ளி எட்டிப் படித்தாள்: கலைவாணி, தறி. மேல் வரிசையில்: அம்மா, தறி இல்லை. அதற்கு நேரே ஆறு கோடு. பிள்ளைக்கு வேண்டியிருந்தது அம்மா இல்லை. பேனாவால் எழுதி, தேதி போட்டு வைத்திருந்தார்கள். அழ வேண்டும்போல இருந்தது. அந்தச் சமயத்தில் கலைவாணி தட்டை மறந்துவிட்டாள், வள்ளி அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

*

தறியே முழு மருந்தில்லை என்று ஷாரோன் சொல்லியிருந்தாள். தறி நிற்கும் நேரத்துக்கு அதிர்கிற ஒரு மெத்தை கொண்டுவந்தாள். வேண்டும்போது அதைக் கேட்கக் குழலிக்குத் தறி வரைந்த ஓர் அட்டையைக் கொடுத்துப் பழக்க ஆரம்பித்தாள். முதல் இரண்டு நாள் குழலி அட்டையைக் கடித்தாள். மூன்றாம் நாள் ஒரு தடவை கையில் கொடுத்தாள்.

இருபதாம் தேதி வந்தது, போனது. முத்துக்குமார் பாரத்தைக் கிழிக்கவில்லை. காலண்டருக்குப் பின்னால்தான் இருக்கிறது. அடுத்த மாசமும் யாராவது ஒரு பிள்ளை அங்கேயிருந்து வெளியே போகலாம், இடம் காலியாகலாம் என்று அவன் நினைப்பது வள்ளிக்குத் தெரியும்.

அடுத்த செவ்வாய் நாலு மணி பஸ்ஸில் இறங்கித் தெருமுனைக்கு வந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. இரண்டு அடி, ஒரு தட்டு. முனை வீட்டு வேலாயுதம் சைக்கிள் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா வள்ளி, நீ இங்க நின்னுக்கினு இருக்கற. உன் தறி அங்க ஓடிக்கினு இருக்குது?"

"ஓடட்டும்ணா" என்றாள்.

வீட்டுக்குள் போனதும் பையைக் கீழே வைக்காமல் குழலியின் இரண்டு கையையும் இழுத்துப் பார்த்தாள். மணிக்கட்டில் பழைய பல் தடம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். கலைவாணி தறியை நிறுத்தாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாள் அலமாரியில் இருந்தது. அன்றைக்கு மூன்றே வரி. இரண்டாவது கட்டத்தில்: தறி நிறுத்தினேன், இழை அறுந்துச்சு. தறி நிறுத்தினேன், சாப்பிட. தறி நிறுத்தினேன், கேஸ் சிலிண்டர்காரன் வந்தான்.

வள்ளி குழிக்குப் பக்கத்தில் குனிந்து நெய்த பட்டில் விரலை ஓட்டினாள். கை மாறின இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. முதலாளியின் விளக்குக்கும் தெரியும்.

"மூணு மணிக்கு மேல தட்டு தளர்ந்துபோச்சு" என்றாள். "பட்டத் தொட்டாலே தெரியுது."

"கை வலிக்குது அண்ணி. நீயே வந்து அடி."

"கார்த்திகை வரட்டும். வரேன்."

"வா, வா" என்றாள் கலைவாணி. "அதுக்குள்ள நான் மொதலாளிகிட்ட இன்னொரு பாவு கேட்டு வெக்கறேன்."

அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று வள்ளி யோசித்தாள். கேட்கவில்லை. கேட்டால் தறி நிற்கும்.